சுவருக்குள் இருக்கும் மண்

ஒரு ஒயின் எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடமே அதன் தரம் என்பது பிரெஞ்சுக்காரர்களின் வாதம். மண், சரிவு, வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து 'தெருவார்' என்கிறார்கள். இதை அப்படியே நம்புவதும், வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் இரண்டுமே சோம்பேறித்தனம் என்று எனக்குப் படுகிறது. பர்கண்டியில் உள்ள 'க்ளோ த வூஜோ' தோட்டத்தை வைத்துப் பார்க்கலாம்.

சுமார் 50 ஹெக்டேர். மத்திய காலத்தில் சிஸ்டர்சியன் துறவிகள் சுற்றுச்சுவர் எழுப்பி வளைத்த நிலம். கிழக்குப் பார்த்த சரிவு. மேல்பகுதியில் சுண்ணாம்புக்கல் கலந்த, ஆழமில்லாத மண், மழைத்தண்ணீர் தங்காது. தண்ணீர் அளவாகக் கிடைக்கும் கொடியில் பழம் சின்னதாக இருக்கும். பினோ நுவார் திராட்சையின் நிறம் தோலில்தான் இருக்கிறது; பழம் சிறுத்தால் சாறுக்குத் தோலின் விகிதம் கூடும், ஒயின் அடர்த்தியாகும். கீழே, சாலையை ஒட்டி, கனத்த களிமண். தண்ணி தேங்கும், பழம் ஊதிப்போகும், சாறு நீர்த்துவிடும். குளிர்ந்த காற்று தாழ்விடத்தில் இறங்கித் தங்குவதால் வசந்தகாலப் பனியில் துளிர் கருகும் அபாயமும் அங்கேதான் அதிகம். ஆக, இடம் என்பது வெறும் கற்பிதம் இல்லை.

ஆனால் 1937இல் சட்டம் வகுத்த தரவரிசை, சுவருக்குள் இருந்த மொத்த நிலத்துக்கும் 'கிராண்ட் க்ரூ' என்கிற உச்ச அந்தஸ்தைக் கொடுத்தது. பக்கத்து ஊரான வோன் ரொமானேயில் சாலையோரத் தாழ்நிலத்துக்கு வெறும் ஊர்ப்பெயர்தான். அங்கே சரிவைப் பார்த்துக் கோடு போட்டவர்கள் இங்கே சுவரைப் பார்த்துப் போட்டார்கள். துறவிகளின் சொத்து எல்லை, மண்ணின் குணமாக வாசிக்கப்பட்டுவிட்டது.

புரட்சி அரசு மடத்திடமிருந்து நிலத்தைப் பறித்து விற்றது. 1889இல் அது துண்டுபட்டது. இன்று சுமார் 80 பேர் கையில் இருக்கிறது. ஒரே உடைமையாக இருந்தபோது மேல்சரிவுப் பழத்தையும் கீழ்ச்சரிவுப் பழத்தையும் கலக்க வழி இருந்தது. 'ஒரே தோட்டம்' என்பதற்கு அப்போது ஓர் அர்த்தமும் இருந்தது. இப்போது அவரவர் துண்டில் அவரவர் ஒயின், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். கீழே வடிகால் வெட்டி, விளைச்சலைக் குறைத்து நல்ல ஒயின் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பு லேபிளில் வராது. உழைக்காதவருக்கும் அதே பெயர் கிடைக்கும்.

மண் பேசுகிறது என்று ஒருவர் சொன்னால், மண்ணின் பெயரால் பேசுவது யார் என்று கேட்டாக வேண்டும். அதற்காக மண்ணே ஊமை என்றும் சொல்லிவிட முடியாது. கீழ்ச்சரிவில் தேங்கும் தண்ணிக்குத் தரவரிசை தெரியாது.