இரவில் பார்க்க வேண்டிய கோழிக்கூடு

2013 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்த கையோடு, கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். மீள்குடியேறிய பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஊர்க்கோழி வழங்கினோம். ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பேடுகள், ஒரு சேவல், கூடு அடிப்பதற்குக் கொஞ்சப் பணம். ஆறு மாதம் கழித்து வீடு வீடாகப் போய், எத்தனை கோழி மிஞ்சியிருக்கிறது, ஏன் குறைந்தது என்று படிவத்தில் எழுதுவது என்னுடைய வேலை.

ஒரு வீட்டில் மூன்று பேடுகள்தான் மிஞ்சியிருந்தன. அந்த அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள், கூடவே கண் பார்வை மங்கிய மாமியார். கோழிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து செத்துப் போனதாகச் சொன்னார். கூட்டைப் பார்த்தேன். துப்புரவாகத்தான் இருந்தது. கோழிகளைப் பிடித்துப் பார்த்தேன். காயமோ கழிச்சலோ இல்லை. கொண்டை மட்டும் வெளிறிப் போயிருந்தது. படிவத்தில் "காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மற்ற வீடுகளுக்கு மூத்த அலுவலர்கள் எழுதியிருந்ததையே நானும் எழுதினேன்: "பயனாளியின் கவனயீனம்."

அந்த இரண்டு சொற்களால் அக்காவின் பெயர் இரண்டாம் கட்ட உதவிப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

பகலில் தெரியாதது

சில வாரங்களுக்குப் பிறகு அதே ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அந்த அக்காதான், "மிஸ், எங்கட வீட்டில நிண்டிட்டு விடியப் போங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு நான் எழுதியது தெரியும். இருந்தாலும் புட்டு அவித்து, இருந்த ஒரு முட்டையையும் எனக்குப் பொரித்துத் தந்தார்.

சாப்பிடும்போது சின்னப் பிள்ளை கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருந்தான். பள்ளிக்கூடத்தில் சிரங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து பூசியும் மாறவில்லை. அவன் படுப்பது தகரக் கொட்டிலின் பின்பக்கச் சுவரோரம். கள்வருக்கும் மரநாய்க்கும் பயந்து, கோழிக்கூட்டையும் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் கட்டியிருந்தார்கள்.

"மிஸ், நீங்கள் பகலில வாறியள், பகலில போறியள். ஒருக்கா இப்ப வந்து பாருங்கோ" என்றார் அக்கா. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போனோம். கோழிகள் கம்பில் அடையாமல் கூட்டின் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அடையும் கம்பின் அடிப்பக்கம் வெளிச்சம் அடித்தபோது எனக்கு மேலெல்லாம் கூசியது. குரக்கன் மணியிலும் சிறியதாய், சிவப்பும் கறுப்புமாய், கம்பின் வெடிப்புகளில் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா பழைய வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றால் கம்பைத் துடைத்துக் காட்டினார். சீலையில் இரத்தக் கோடுகள்.

"இதைக் கோழிப்பேன் எண்டுதான் நாங்கள் சொல்லுறம். பகலில வந்து கேட்டால் எங்க காட்டுறது?" என்றார். அவரிடம் கவனயீனம் இருக்கவில்லை. பகல் பத்து மணிக்கு வந்து பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போன எனக்குத்தான் கண் தெரியவில்லை.

அடுத்த நாளே அலுவலகத்தில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். திட்டப் பணம் அதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய பெயர் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஆனால் நான் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டறிந்தேன், வாசித்தேன், அக்காவோடு சேர்ந்து செய்து பார்த்தேன். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே பேன் அல்ல

கோழியின் உடம்பில் ஊருகிற எல்லாவற்றையும் நாங்கள் "பேன்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை வேறு வேறு. எது என்று தெரியாமல் செய்கிற வைத்தியம் பலிக்காது.

முதலாவது, நான் அன்றிரவு பார்த்த சிவப்புச் சிற்றுண்ணி. எட்டுக் கால் உள்ளது. வளர்ந்தது ஒரு மில்லிமீற்றர் அளவுதான். பகலில் கோழியின் உடம்பில் இருக்காது. கம்பின் வெடிப்பு, மரப்பட்டை, பலகை மூட்டு, கிடுகின் மடிப்பு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். எங்களுடைய வெக்கையில் ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டையில் இருந்து வளர்ந்து பெருகிவிடும். கோழி இல்லாத கூட்டிலும் பல மாதம் பட்டினி கிடந்து உயிர் வாழும். அதனால்தான் செத்த கோழிகளுக்குப் பதிலாகப் புதுக் கோழிகளை அதே கூட்டில் விட்டால் அவையும் சாகின்றன. இரத்தம் குறைந்து கொண்டை வெளிறும், முட்டை குறையும், அடையில் இருந்த கோழி முட்டையை விட்டு எழும்பி ஓடும், குஞ்சுகள் சாகும். மனிதரையும் கடிக்கும். ஆனால் எங்களுடைய உடம்பில் தங்கி வாழாது. அக்காவின் மகனுக்கு வந்தது அந்தக் கடிதான்.

இரண்டாவது, கோழியின் உடம்பிலும் அடைக் கடகத்திலும் வாழும் வேறொரு சிற்றுண்ணி. குஞ்சு பொரித்த பிறகு கடகத்தில் கை வைத்தால் முழங்கை வரை ஏறுமே, பெரும்பாலும் அதுதான். கோழியின் பின்பக்க இறகுகள் அழுக்குப் பிடித்தது போலக் கறுத்திருக்கும்.

மூன்றாவது, உண்மையான கோழிப்பேன். மஞ்சள் நிறமாய், தட்டையாய், இறகை விலக்கினால் விறுவிறென்று ஓடும். இதன் பிறப்பும் வாழ்வும் கோழியின் உடம்பிலேயேதான். இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக முட்டைகள் ஒட்டியிருக்கும். இது தோலின் செதிலையும் இறகையும் தின்னும். கோழி நிம்மதியில்லாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

நான்காவது, கால் செதில் சிற்றுண்ணி. காலின் செதிலுக்குக் கீழே குடைந்து வாழும். செதில்கள் நிமிர்ந்து, சுண்ணாம்பு அப்பியது போலக் கால் தடிக்கும். கவனிக்காமல் விட்டால் கோழி நொண்டும்.

ஐந்தாவது, தெள்ளு. கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் தாடியிலும் கறுப்புப் புள்ளிகளாகத் தலையைப் புதைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினாலும் விழாது. நாய், பூனையிலும் பிடிக்கும். இதன் புழுக்கள் கூட்டுக்குக் கீழே மண்ணில் வளரும்.

கூட்டுக்குச் செய்ய வேண்டியது

சிவப்புச் சிற்றுண்ணிக்குக் கோழியை மட்டும் மருந்தால் குளிப்பாட்டிப் பயனில்லை. வைத்தியம் கூட்டுக்கு. நானும் அக்காவும் செய்தது இதுதான்.

1. காலையில் கோழிகளை வெளியே விட்டு, கூட்டில் இருந்த வைக்கோல், சருகு, பழைய கிடுகு எல்லாவற்றையும் வளவின் ஒரு கரையில் எரித்தோம். எருக்கும்பியில் போடவில்லை. போட்டால் பூச்சி திரும்ப வரும்.

2. அடையும் கம்புகளைக் கழற்றினோம். மரப்பட்டையோடு இருந்த கம்புகளை எரித்துவிட்டு, பட்டை சீவிய வழவழப்பான கம்பு போட்டோம். பட்டைதான் பூச்சியின் வீடு.

3. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மூட்டுகளிலும் வெடிப்புகளிலும் ஊற்றினோம். பிறகு நல்ல வெயிலில் காயவிட்டோம்.

4. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வேப்பெண்ணெய், கொஞ்சம் கரைத்த சவர்க்காரம் என்று கலந்து, பழைய பூச்சுத் தும்பால் வெடிப்புகளுக்குள் அடித்தோம். எண்ணெய் தண்ணீரோடு சேரச் சவர்க்காரம் வேண்டும். கலந்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

5. காய்ந்த பின் உள்ளும் புறமும் சுண்ணாம்பு பூசினோம். வெடிப்புகள் அடைபட்டால் ஒளிய இடமில்லை.

6. கம்பு சுவரில் முட்டாதபடி இரண்டு கவர்த்தடியில் வைத்து, தடிகளின் அடியைப் பழைய எண்ணெய் விட்ட பேணிகளில் நிறுத்தினோம். சோற்றுப் பானைக்கு எறும்பு வராமல் செய்வதைப் போலத்தான்.

7. ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் திரும்பச் செய்தோம். இதை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் தப்பிய முட்டைகள் ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும். ஒருமுறை செய்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கூட்டையும் படுக்கைச் சுவரில் இருந்து சில முழம் தள்ளி வைத்தோம். பிள்ளையின் சொறி மெல்ல மாறியது.

கோழிக்குச் செய்ய வேண்டியது

மழை படாத இடத்தில் ஒரு பழைய ரயர் அல்லது பெட்டி வைத்து, காய்ந்த மண்ணும் அரித்த விறகுச் சாம்பலும் போட்டுவிடுங்கள். கோழி தானாகவே புழுதி குளிக்கும். உடம்பில் வாழும் பேனுக்கு இது நல்லது. சாம்பல் நனையக் கூடாது. நனைந்த சாம்பல் தோலை அரிக்கும்.

கால் செதிலுக்கு, காலை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் தும்பால் மெல்லத் தேய்த்து, துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லின் தடவுங்கள். செதிலைப் பிய்க்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது சில வாரங்கள் செய்ய வேண்டும். தெள்ளு ஒட்டிய இடத்திலும் கண்ணில் படாமல் வாஸ்லின் தடவலாம். கூட்டடி மண்ணைக் கூட்டி எரித்து, வெயில் படவிடுங்கள்.

அடை வைக்கும்போது இடிக்குப் பயந்து இரும்பாணியும் கரித்துண்டும் வைக்கிறோம். அதோடு பழைய கடகத்தை மாற்றி, புது மண்ணும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். அடையில் இருக்கும் கோழி 21 நாளும் பெரும்பாலான நேரம் அந்த இடத்திலேயே இருக்கும். அந்த நாட்கள்தான் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

செய்யக் கூடாதவை

வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்தைக் கோழியிலோ கூட்டிலோ அடிக்காதீர்கள். கோழி சாகும். சாகாவிட்டாலும் நஞ்சு முட்டைக்கு வந்து உங்கள் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். புகையிலை ஊறவைத்த தண்ணீரும் நஞ்சுதான். மண்ணெண்ணெயைக் கோழியின் உடம்பிலோ காலிலோ பூசக் கூடாது. கம்பில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் முற்றாகக் காய்ந்து மணம் போகும் வரை கோழியையும் விளக்கையும் கிட்ட விடாதீர்கள்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அதிகாரியிடம் போங்கள். மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டு வையுங்கள். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால், கழுத்து முறுக்கினால், பச்சையாகக் கழிந்தால் அது பூச்சியால் வருவதல்ல. ராணிக்கெட் போன்ற தொற்று நோயாக இருக்கலாம். உடனே அறிவியுங்கள்.

பூச்சி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை அக்கா என்னிடம் கேட்டபோது பதில் தெரியவில்லை. அடுத்த தடவை வேறு ஊருக்குக் கோழி இறக்கிய அன்று, வியாபாரியின் பெட்டிகளை ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். மூட்டுகளில் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னர் கொடுத்த கோழிகளும் அதே வியாபாரியிடம் வாங்கியவைதான். உதவியோடு சேர்த்துப் பூச்சியையும் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். பிறகு பயனாளியின் கவனயீனம் என்று எழுதியிருக்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, யார் கோழி தந்தாலும், சந்தையில் வாங்கினாலும், இறகை விலக்கிப் பாருங்கள். இரண்டு வாரம் வேறாக வைத்திருந்து பிறகு சேருங்கள். வந்த பெட்டியைக் கூட்டுக்குக் கிட்ட வைக்காதீர்கள். தருகிறவர்களிடம் "இதைப் பரிசோதித்தீர்களா?" என்று கேளுங்கள். இலவசமாகத் தந்தார்கள் என்பதற்காகக் கேட்கக் கூடாதென்று இல்லை. படிவத்தில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் உரிமை.

அந்த அக்கா மூன்று பேடுகளில் இருந்து திரும்பத் தொடங்கினார். அயலில் சேவல் இருந்தது. ஒவ்வொரு அடையாக வைத்துப் பெருக்கினார். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து கோழித்தீன் விலை ஏறி, 2023 இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைமை நாட்டுக்கு வந்தபோது, அவருடைய வளவில் கறையான் புற்றையும் குப்பையையும் கிளறித் தின்னும் இருபதுக்கு மேற்பட்ட கோழிகள் நின்றன. மகனின் படிப்புச் செலவில் ஒரு பங்கு முட்டைக் காசு என்று சொன்னார். மாமியார் இப்போது இல்லை. கூடு அதே கூடுதான், ஒவ்வொரு மாரிக்கு முன்னும் சுண்ணாம்பு பூசுகிறார்.

கோழி வளர்க்கிற எல்லோரும் இன்றைக்கு இரவு ஒரு வேலை செய்யுங்கள். கோழி அடைந்து ஒரு மணித்தியாலம் கழித்து, ரோச் லைற்றும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போய், அடையும் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாக இருந்தால் நிம்மதியாகப் படுங்கள். சிவப்புக் கோடு இருந்தால் விடியத் தண்ணீர் கொதிக்க வையுங்கள்.