ஒயில் மாற்றுச் செலவும் வன்னியின் அனுபவமும்

மசகிடாத வண்டியச்சு நெடுந்தூரம் செல்லாதென்பதை வன்னி உழவர் நன்கறிவர். உராய்வினால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தினால் தேய்வு மிகும். தேய்வு முறிவில் முடியும். மாட்டு வண்டிக்குரிய இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே. எஞ்சினுள் இடப்படும் ஒயில் உராய்வைக் குறைப்பதோடு அமைவதில்லை. அது வெப்பத்தை அகற்றுகின்றது, துருவைத் தடுக்கின்றது, கரியையும் உலோகத் துகள்களையும் தன்னகத்தே ஏற்றுக்கொள்கின்றது. அழுக்கைத் தான் சுமந்து எஞ்சினைக் காப்பதனால் அது நாளடைவிற் கெடுகின்றது. ஆதலின் குறித்த காலந்தோறும் அதனை மாற்றுதல் இன்றியமையாததாகும்.

இம்மாற்றத்திற்கான செலவை ஒயிலின் விலை மட்டும் நிருணயிப்பதில்லை. ஒயிலின் அளவு, தரம், வேலைக் கூலி, மாற்றும் கால இடைவெளி ஆகிய நான்கும் சேர்ந்தே அதனை நிருணயிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் கார்களில் இந்நான்கும் செலவை உயர்த்துவனவாகும். பழைய மொறிஸ் மைனர் காருக்கு நான்கு லீற்றருக்கும் சற்றுக் குறைந்த ஒயில் போதும். போர்ஷே 911 போன்ற காருக்கோ ஏறத்தாழ எட்டு லீற்றர் வேண்டும். அதிவேகத்தில் எழும் வெப்பத்தைத் தாங்கவல்ல உயர்தரச் செயற்கை ஒயிலே அதற்கு ஏற்றது. அடித்தகடுகளைக் கழற்றிப் பூட்டும் கூலியும் உடன் சேரும். ஒயில் படும் பாடு மிகுந்தால் செலவும் மிகும் என்பதே இதனாற் பெறப்படுவது.

செல்வர்தம் விரைவுக் கார்களுக்கே உரியதென எண்ணத்தக்க இவ்விதி, வன்னியின் ஏழைக் கார்களையும் ஒருகாலத்தில் வாட்டியது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால், வவுனியா நகருக்கு அப்பாலுள்ள பகுதிகளிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை பரவியது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் இதற்கு ஈடுகொடுத்தன. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதே காரணமாம். ஒஸ்ரின் ஏ 40இல் அது ஏறத்தாழ 7க்கு 1 ஆகும். அமுக்க விகிதம் 10க்கு 1 என்னும் அளவினதான விரைவுக் கார் மண்ணெண்ணெயிற் கடுமையான தட்டொலி எழுப்பி விரைவிற் பழுதுற்றிருக்கும்.

எனினும் ஈடுகொடுத்த கார்களும் அதற்குரிய விலையைச் செலுத்தவே செய்தன. பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாது எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவி, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து, அடியிலுள்ள ஒயிற் தொட்டியிற் சேர்கின்றன. அதனால் ஒயில் நீர்த்துப்போகின்றது. இதிலே ஏமாற்றம் ஒன்றுண்டு. அளவுகோலை இழுத்துப் பார்ப்பவருக்கு ஒயில் குறையாதிருப்பதாகத் தோன்றும். சிலவேளை கூடியும் காணப்படும். கூடியது ஒயிலன்று, மண்ணெண்ணெயே. ஆகவே அளவை நோக்குவது மட்டும் போதாது. விரலிடைத் தேய்த்து அதன் பிசுக்கையும், மோந்து அதன் மணத்தையும் அறிதல் வேண்டும்.

நீர்த்த ஒயிலை விரைந்து மாற்றாதொழியின் தாங்கிகள் தேயும். பின்னர் எஞ்சினே கெடும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றத்தக்க ஒயிலை 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற நேரின், ஒயிலின் விலை உயராவிடினும் செலவு ஐந்து மடங்காகும். இவ்வாறு எளிய காரொன்று ஒயிற் செலவில் விரைவுக் காரை நிகர்க்கும். நோயாளரை ஏற்றிச் செல்லும் வாடகைக் காருக்கு இச்செலவு தவிர்க்க இயலாததாயிருந்தது. காரின்றேல் வைத்தியசாலை தொலைவாகிவிடும் ஊர்கள் வன்னியிற் பல.

2002ஆம் ஆண்டிற் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ 9 வீதி திறக்கப்பட்டது, பெற்றோலும் வந்தது. போரும் 2009இல் முடிவுற்றது. ஆயினும் ஒயில் பற்றிய கவலை முற்றாக நீங்கிற்றில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியை நம்பிய பண்டங்களின் விலைகள் ஏறின. அத்தகைய காலத்தில் ஒயில் மாற்றத்தைப் பின்போட எண்ணுதல் இயல்பே. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களில் உழும் இயந்திரத்திற்கோ அஃது ஆபத்தானது. அது கடக்கும் தூரம் சிறிது. உழைக்கும் நேரமோ பெரிது. எனவே கிலோமீற்றரைக் கொண்டன்றி, உழைத்த மணித்தியாலத்தைக் கொண்டே அதன் ஒயிலை மாற்றுதல் முறையாகும்.

ஒயிலுக்கு ஈந்த பணம் கண்ணுக்குத் தெரியும். அதனாற் காக்கப்பட்ட எஞ்சினின் மதிப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத அம்மதிப்பை அறிந்து செலவிடுதலே சிக்கனம். அறியாது மிச்சம் பிடித்தல் இழப்பிற்கு வழியாகும்.