கருனித் தலைப்புக் கோப்புகள்

லினக்சு இயக்குதளத்தில் மென்பொருளை மூல நிரலிலிருந்து தொகுக்கும்போது, கருனியின் தரவு அமைப்புகளையும் அழைப்பு எண்களையும் தொகுப்பிக்குத் தெரிவிப்பவை கருனித் தலைப்புக் கோப்புகள் ஆகும். இவை இரு வகைப்படும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

பயன்பாட்டு நிரல்களுக்கு உரியவை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்சு அடைவில் இருக்கும். குனூ சி நூலகம் எந்தத் தலைப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்டதோ, அவையே இங்கு இருக்க வேண்டும். இயங்கும் கருனியோடு இவை ஒத்திருக்க வேண்டியதில்லை. முற்காலத்தில் இவ்வடைவு கருனி மூலத்துக்கான வெறும் இணைப்பாகவே வைக்கப்பட்டது. கருனியை மாற்றியதும் நூலகத்துக்கும் தலைப்புகளுக்கும் பொருத்தம் கெட்டு, தொடர்பே இல்லாத நிரல்கள்கூடத் தொகுப்பில் பிழை காட்டின. இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு 2000-இல் லினசு டோர்வால்ட்சே வலியுறுத்தினார். 2012 திசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் பயனர் நிரல்களுக்கான தலைப்புகள் கருனி மூலத்துக்குள்ளேயே தனி அடைவுகளாகப் பிரிக்கப்பட்டன.

வன்பொருள் இயக்கி போன்ற கருனிக் கூறுகளுக்கு விதி நேர்மாறானது. எந்தக் கருனியில் ஏற்றப்படுமோ அதே பதிப்பின், அதே அமைவடிவத்தின் தலைப்புகள் தேவை. இல்லையேல் கருனி பொதுவாக அவற்றை ஏற்க மறுக்கும். தனியாகத் தொகுத்து நிறுவிய வைஃபை இயக்கி, கருனிப் புதுப்பிப்புக்குப் பின் செயலிழப்பது இதனால்தான். டிகேஎம்எஸ் என்னும் கருவி அதனைத் தானாக மீண்டும் தொகுத்துத் தரும். அதற்கும் புதிய கருனியின் தலைப்புப் பொதி முன்னரே நிறுவப்பட்டிருக்க வேண்டும்.