எண்ணெய் யாருக்குச் சொந்தம்? — ஓர் ஆற்றங்கரை ஊரின் கதை

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டிலே, மக்தலேனா என்றோர் ஆறு. தெற்கே மலையில் பிறந்து, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடிக் கரிபியன் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் நடுப்பள்ளத்தாக்கில், வலக்கரையில், பராங்காபெர்மெஹா என்றோர் ஊர். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். பொருளோ எளிது — செந்நிறக் கரை. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் புகைகிறது. அந்தப் புகைக்குப் பின்னே பாட்டாளிகளின் நீண்ட போராட்டம் ஒன்று இருக்கிறது. அதை நம் தோழர்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறோம்.

வெள்ளையன் வருவதற்கு முன்பு அந்த மண் யாரிகுயி மக்களுடையது. 1536-இல் கிமெனெஸ் தெ கெசாதா என்ற ஸ்பானியத் தளபதி, காட்டிலும் சேற்றிலும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவன் கண்டது உப்புக் கட்டிகள்! கடலுப்பு அல்ல, மலைமேல் வாழ்ந்த முயிஸ்கா மக்கள் காய்ச்சிய உப்பு. உப்பு வந்த வழியே போனால் பொன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மலையேறினான், கிடைத்தது. ஆனால் காலடியில் ஊறிக்கொண்டிருந்த இன்னொரு பொருளை அவன் பெரிதாகக் கருதவில்லை. கன்னங்கரிய பிசின் போன்ற எண்ணெய் அது. யாரிகுயிகள் களைப்பு நீங்க அதை உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் படகின் விரிசலை அடைத்தார்கள். அவ்வளவே!

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் விழித்துக்கொண்டது முதலாளித்துவம். 1905-இல் ரொபெர்தோ தெ மாரெஸ் என்பவருக்கு அந்த எண்ணெய்க் காட்டை எழுதிக் கொடுத்தது அரசு. 1918-இல் கிணறு பீறிட்டது. 1919-இல் உரிமை அமெரிக்காவின் டிராப்பிகல் ஆயில் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டே அந்தக் கம்பெனியை ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற பெரும் திமிங்கிலம் விழுங்கிற்று. 1922-இல் ஆலை எழுந்தது. அதே ஆண்டு ஊருக்கு நகராட்சித் தகுதியும் வந்தது. எண்ணெய் பெற்ற பிள்ளை அந்த நகராட்சி! யாரிகுயிகளோ நோயாலும் துப்பாக்கியாலும் தேய்ந்து மறைந்தார்கள். இன்று அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர்கள் பெயர். ஆளை அழித்துவிட்டுப் பெயரை வாழவைப்பது எல்லாத் தேசத்திலும் நடக்கிற மரியாதைதான்.

வேலை தேடி மலைநாட்டு உழவன் வந்தான், கடற்கரைக் கறுப்பன் தன் முரசோடும் கும்பியா ஆட்டத்தோடும் வந்தான், படகுக்காரன் வந்தான். கம்பி வேலிக்கு உட்புறம் துரைமாருக்குக் காற்றோட்டமான வீடு, விளையாட்டு மைதானம். வேலிக்கு வெளியே தொழிலாளிக்குக் கொசு, காய்ச்சல், கெட்டுப்போன சோறு. கம்பெனியைத் தொழிலாளிகள் ‘லா டிரோகோ’ என்று சுருக்கி அழைத்தார்கள்.

1923-இல் சங்கம் பிறந்தது. அதை வளர்த்தவர் ரவுல் எதுவார்தோ மஹேச்சா. ‘தொழிலாளர் முன்னணி’ என்று பொருள்படும் பெயரில் ஏடு நடத்தினார். அடுத்த ஆண்டே வேலைநிறுத்தம். கேட்டது என்ன? கூலி உயர்வு, தின்னத்தக்க உணவு, மனிதரென்ற மரியாதை. கிடைத்தது என்ன? மஹேச்சாவுக்குச் சிறை, ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலைநீக்கம். ஓய்ந்தார்களா? 1927-இல் மீண்டும் எழுந்தார்கள். ‘உழைப்பின் மலர்’ என்று நாடே அழைத்த மரியா கானோ என்ற பெண்மணி அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். துப்பாக்கி பேசிற்று, தொழிலாளிகள் மாண்டார்கள். அந்த வேலைநிறுத்தமும் முறிந்தது.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததே! முப்பது ஆண்டு முடிந்ததும் கிணறு, குழாய், கருவி யாவும் ஈட்டுத்தொகையின்றி நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற வரி. ஆட்சியாளர்கள் மறக்க விரும்பிய அந்த வரியைத் தொழிலாளிகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். 1948 சனவரியில் கம்பெனி ஆட்குறைப்புக்கு முனைந்தபோது, ஆலை ஏறத்தாழ ஐம்பது நாள் நின்றது. வயிற்றுக்காக மட்டும் நின்றதல்ல; கெடு முடிவதற்குள் எண்ணெய்வயலைப் பாழாக்கிவிட்டுப் போகாதே, சொந்தக்காரனிடம் ஒப்படை என்பதற்காகவும் நின்றது.

இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே, ஏப்ரல் 9 அன்று, தலைநகர் பொகோதாவில் மக்கள் தலைவர் கைதான் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைநகரம் பற்றி எரிந்தது, கடைகள் சூறையாடப்பட்டன. பராங்காபெர்மெஹாவில் நடந்ததோ வேறு. ரஃபாயெல் ராங்கெல் என்பவரை நகரத் தலைவராக்கி, மக்கள் குழுவொன்று பத்து நாள் ஊரை ஆண்டது. ஆலையின் பட்டறையில் குழாய்களைக் கொண்டு பீரங்கி செய்தார்கள் என்றால் பாருங்கள்! அத்தனை கொந்தளிப்பிலும் ஆலையைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்தார்கள். நாளை தங்களுடையதாகப் போகும் பொருளை எவன் கொளுத்துவான்?

1951 ஆகஸ்ட் 25. எண்ணெய்வயல் கொலம்பியாவின் கைக்கு வந்தது. எகோபெத்ரோல் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. (ஆலையை நடத்தும் பொறுப்பு மட்டும் 1961 வரை அந்நியக் கம்பெனியின் கையிலேயே இருந்தது, போகிறவன் அவ்வளவு எளிதில் சாவியைக் கழற்றித் தருவானா?)

எல்லாம் தீர்ந்ததா? இல்லை. எண்ணெய் கொழித்த ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை! 1975-இல் குடிநீர் கேட்டு ஊரே கதவடைத்தது. ஆற்றையும் சதுப்பு ஏரிகளையும் நம்பிய மீனவன் பாடு அதைவிட மோசம். ஆண்டின் தொடக்கத்தில் ஏரிகளிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் போகாசிகோ மீன்தான் ஏழையின் கறி. அம்மீனை வாழைக்காயோடும் மரவள்ளிக்கிழங்கோடும் வேகவைத்த பண்டத்துக்கு ‘வியூதோ’ — மனைவியை இழந்தவன் — என்று பெயர்! ஏனென்று கேட்காதீர்கள். அந்த மீன் வரத்து குறைந்துகொண்டே வந்தது. ஆலையை ஒட்டிய ஏரியில் 1995-இல் எழுந்த உலோக ஏசுநாதர் சிலைக்கு ‘எண்ணெய்க் கிறிஸ்து’ என்றே பெயர். அவர் காலடி நீரிலும் எண்ணெய் வாடைதான்.

பிறகு வந்தது இருண்ட காலம். கெரில்லாக்கள் வேரூன்றியிருந்த பேட்டைகளில் வலதுசாரிக் கொலைப்படை புகுந்தது. 1998 மே 16 இரவு, மக்கள் கூடியிருந்த பந்தாட்டத் திடலிலும் அக்கம்பக்கத்திலும் ஏழு பேரைக் கொன்று, இருபத்தைந்து பேரைக் கடத்திச் சென்றது. 2000 இறுதியில் ஊரையே பிடித்தது. சங்கத்தாருக்கு மிரட்டல், நாடுகடத்தல், சாவு.

அந்த வேளையில் நிமிர்ந்து நின்றவர்கள் பெண்கள். 1972-இல் தொடங்கிய மக்கள் பெண்கள் அமைப்பு, பேட்டைதோறும் பொது உணவுச்சாலை நடத்திவந்தது. 2001-இல் அவர்களுடைய இல்லத்துச் சாவியைக் கேட்டு ஆயுதக்காரர்கள் வந்தார்கள். தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்! அதே ஆண்டு வடபகுதியில் இருந்த அவர்களுடைய இல்லமொன்றை ஓர் இரவில் கல் மேல் கல் இல்லாமல் பெயர்த்தெடுத்துவிட்டனர். மறுநாளும் உலை வைத்தார்கள் அந்தப் பெண்கள். கறுப்பு அங்கி அணிந்து, சாவுக்குத் துக்கம் காட்டி, தெருவில் அணிவகுத்தார்கள். 2019-இல் அதே ஊரில், மாண்டவர்களும் மறைந்தவர்களும் மறக்கப்படாதிருக்க, ஒரு நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதன் சாவி அவர்களிடம் இருக்கிறது.