எலும்பு தேடுவோர் வாழ்க்கை

நேயர்களே, நம் குடாநாட்டிற் கிணறு வெட்டுவோரைக் காணாதவர் இரார். மேல்மண் சில அடியிற் கழிந்ததும் சுண்ணாம்புக்கல் எதிர்ப்படும். அலவாங்கினாற் பெயர்த்த கல்லை வெயிலிற் பிடித்து நோக்கினாற் சிப்பியின் வரியும் சங்கின் சுருளும் அதிற் பதிந்திருத்தல் தெரியும். அது மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்த கல். அக்காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்பர். ஆகவே உயிர்ச்சுவடு நமக்குப் புதிதன்று. அதனைத் தேடிக் காட்டிற் கிடப்போரின் வாழ்க்கையே புதிது.

திரைப்படத்தில் ஒருவன் மண்வெட்டியால் ஒருமுறை கொத்துவான். உடனே முழு எலும்புக்கூடு வெளிப்படும். உண்மையில் மண்வெட்டியின் வேலை மேல்மண்ணோடு முடிந்துவிடும். அதன்பின் ஊசியும் தூரிகையுமே கருவிகள். இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி வேலண்டு, டேவிசு என்னும் இருவர் 1923 இல் எழுதினர். அக்காலப் படிவுகள் யால வனத்தின் கடலோரத்தில் மினிஹகல்கந்த என்னுமிடத்திலும் உள. அத்தகைய இடத்துக்குச் செல்வோர் அரிசியோடு குடிநீரையும் சுமந்து செல்லல்வேண்டும். யானை உலாவும் காடாகையால் இருட்டுமுன் கூடாரம் சேர்தலும் வேண்டும். பகல் முழுதும் குனிந்த தலையோடு நடந்து, கல்லெது எலும்பெது என்று பார்ப்பதே தொழில். ஒன்றும் அகப்படாத நாள்களே மிகுதி. அகப்பட்டாலோ, அன்றுதான் பொறுமைக்குச் சோதனை. நொய்ந்த எலும்புக்குப் பசைநீர் ஊட்டி இறுக விடுவர். அதன்மேல் ஈரக் கடதாசி போர்த்து, சாந்தில் தோய்த்த சாக்குத் துண்டுகளைச் சுற்றிக் கட்டுவர். முறிந்த காலுக்கு வைத்தியர் கட்டும் கட்டும் இதுவே. காட்டில் ஒரு வாரத்தில் எடுத்ததைக் கூடத்தில் துப்புரவாக்கப் பல மாதங்கள் செல்வதுண்டு.

இலங்கையிற் பழைய விலங்குகளின் எலும்புகளைப் பெரிதும் வெளிக்கொணர்ந்தவர் கல்விமான்கள் அல்லர்; இரத்தினபுரியின் மாணிக்கக் குழித் தொழிலாளர். இல்லம் என்று அவர்கள் கூறும் பரற்படையை அடையக் குழி தோண்டி, பக்கங்களுக்கு மரச்சட்டம் அடித்து, ஊறும் நீரை ஓயாது இறைப்பர். இடுப்பளவு சேற்றில் நின்று பரலை மேலே அனுப்புவர். அதனைக் கூடையிலிட்டு அரிக்கும்போது நீலக்கல்லோடு சிலவேளை ஒரு பல்லும் வரும். கல்லுக்கு விலையுண்டு, பல்லுக்கு இல்லை. அப்படி வந்தவற்றைக் கேட்டு வாங்கிப் பல்லாண்டு ஆராய்ந்தவர் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல. நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் வாழ்ந்தன என்பதை நாம் அறிந்தது அவ்வாறே. குருவிட்டப் பகுதியிற் கிடைத்த இரண்டே பற்களைக்கொண்டு, 1939 இல் அவர் இலங்கைச் சிங்கத்துக்குத் தனிப் பெயரும் இட்டார். இரண்டு பற்கள் போதுமா என்று நேயர்கள் நகைக்கலாம். ஊனுண்ணும் விலங்கின் கடைவாய்ப் பல் ஏறக்குறைய அதன் கையொப்பம் போன்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு. சேற்றிற் கிடந்த எலும்பை வெயிலிற் போட்டால் வெடித்துப் பொடியாகும். நிழலில் மெல்ல மெல்ல உலர்த்தல்வேண்டும். அது கைப்பழக்கத்தால் வரும். எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எப்படையிற் கிடைத்தது என்பது எழுதப்படாமற் போனால் அதற்குப் பரிகாரமே இல்லை. வெள்ளம் ஓரிடத்து எலும்பை இன்னோரிடத்துப் பரலோடு கலந்துவிடும் ஆற்றுப் படிவுகளிலே இச்சிக்கல் இருமடங்கு. இரத்தினபுரி விலங்குகளின் வயதைத் துணிவதில் அறிஞர் இடர்ப்படுவதற்கு இதுவே பெருங்காரணம்.

நம்மவர் நிலையும் வேறன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை இயங்கியபோது, அகழ்ந்த சுண்ணாம்புக்கல்லோடு எத்தனை சங்கும் சிப்பியும் சூளைக்குட் போயிருக்கும்! கிணறு வெட்டும் வீடுகளிலோ இன்றும் வாய்ப்புண்டு. பதிவுள்ள கல் அகப்பட்டால் தட்டி உடையாது அப்படியே எடுத்து வையுங்கள். ஊர்ப்பெயரையும், நிலமட்டத்திலிருந்து எத்தனையாவது அடி என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு கட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுதல் நன்று. மை ஈரத்திற் கரைந்துவிடும்.