குளிர்சாதனத்தில் வாயு ஏன் குறைகிறது?

ஒரு காலத்தில் குளிர்சாதனம் என்பது தோட்ட நிர்வாகியின் பங்களாவில் மட்டுமே ஓசையிட்டுக் கொண்டிருந்த பொருள். இன்றோ, தவணை முறையில் ஒரு குதிரைத்திறன் கருவியொன்றை வாங்கிப் படுக்கையறையில் பொருத்திக்கொண்ட குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களிலும் உள்ளன. இதனை ஆடம்பரம் என்று நாம் கூறமாட்டோம். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிவிட்டு, நண்பகலில் தகரக் கூரையின் கீழ்க் கண்ணயர முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால், கருவி வாங்கிய சில மாதங்களிலேயே குளிர் குறைகிறது. பழுது பார்க்க வருபவர், "கேஸ் குறைந்துவிட்டது" என்று கூறி நிரப்பிவிட்டுப் பணம் பெற்றுச் செல்கிறார். அடுத்த ஆண்டும் அதே கதை. சமையல் எரிவாயு எரிந்து தீர்வது போல இதுவும் தீரும் பொருள் என்று பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை தவறானது.

கருவியினுள் இருக்கும் குளிர்வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அறையினுள் உள்ள சுருளில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. பருத்த செம்புக் குழாய் வழியே வெளிக்கருவிக்குச் சென்று, அங்கே கம்ப்ரசரால் அழுத்தப்பெற்று, வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, மெல்லிய குழாய் வழியே திரும்புகிறது. கரும்பலகை இருந்தால் ஒரு வட்டம் வரைந்து காட்டியிருப்போம். அவ்வட்டம் மூடியதாக இருக்கும்வரை, முதல் நாள் இருந்த வாயுவே பல்லாண்டுகளுக்குப் போதும். குறைந்தது என்றால் எங்கோ கசிந்தது என்பதே பொருள்.

எங்கே கசியும்? சுருள் அரித்துத் துளை விழுவதும் உண்டு. ஆயினும் புதிய கருவியில் முதலில் ஐயுற வேண்டியவை நான்கு இணைப்புகள்: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. இவை தொழிற்சாலையில் செய்யப்படுவன அல்ல. நம் வீட்டுச் சுவரோரத்தில், ஏணியின் மீது நின்று செய்யப்படுவன.

ஒரு குதிரைத்திறன் கருவிக்குப் பெரும்பாலும் கால் அங்குலக் குழாயும் முக்கால் அரையங்குலம், அதாவது 3/8 அங்குலக் குழாயும் பயன்படும். குழாயை ரம்பத்தால் அறுக்கலாகாது. செம்புத்தூள் உள்ளே விழுந்து கம்ப்ரசரைக் கெடுக்கும். அதற்கென உள்ள வெட்டுச் சக்கரத்தால் வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, உள்விளிம்பின் பிசிரை நீக்கவேண்டும். பின்னர் நட்டைக் குழாயில் கோத்துவிட்டு, அதன் வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். இதனைத் தொழிலாளர்கள் 'பிளேர்' அடித்தல் என்பர். பால்மரம் வெட்டுவோருக்கு இதை விளக்குவது எளிது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. மிஞ்சினால் மரத்தில் காயம். அதுபோலவே, விரிவு குறைந்தால் வாயு கசியும். மிகுந்தால் செம்பு பிளக்கும். நட்டை முறுக்குவதிலும் அதே அளவறிவு வேண்டும். இரண்டு ஸ்பேனர்கள் கொண்டு, ஒன்றால் பிடித்து மற்றொன்றால் முறுக்குவதே முறை.

நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில், ஒரு குடும்பத்தார் ஓராண்டில் மூன்று முறை வாயு நிரப்பியிருந்தனர். மூன்றாம் முறை வந்தவர் நல்லவர். குழாயில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்துச் சோப்பு நுரையைத் தடவினார். உட்கருவியின் பின்புறத்து நட்டில் குமிழி எழுந்தது. குழாயின் விரித்த வாயில் மயிரிழை போன்ற ஒரு பிளவு! அதை வெட்டி நீக்கிப் புதிதாக விரித்துப் பொருத்த அரை மணி நேரமே ஆயிற்று.

இணைப்புகள் முடிந்தபின் செய்யவேண்டிய வேலைதான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. குழாயினுள் இருப்பது நம் நாட்டுக் காற்று, ஈரம் மிகுந்தது. காற்று குளிர்வாயுவைப்போல் திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும், மின்கட்டணம் ஏறும். ஈரமோ அதனினும் கொடிது. இக்காலக் கருவிகளின் எண்ணெய், மழைக்காலத்து உப்பைப்போல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அமிலம் உண்டாகி, நாளடைவில் கம்ப்ரசரின் கம்பிச்சுருளே கெடும். எனவே வெற்றிடப் பம்பைப் பூட்டிக் காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். நீலநிற அளவுமானியின் முள் பூஜ்யத்துக்குக் கீழே 30 என்னும் குறியை நெருங்கும். குறைந்தது 15 நிமிடமாவது பம்பு ஓடவேண்டும். பின்னர் அதை நிறுத்திச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். முள் அசையாதிருந்தால் வால்வுகளைத் திறக்கலாம். மேலேறினால் கசிவு உண்டு அல்லது ஈரம் எஞ்சியுள்ளது.

அவசரக்காரர்கள் பம்பைக் கொண்டு வருவதில்லை. கருவியிலுள்ள வாயுவையே சிறிது திறந்துவிட்டு, நட்டின் வழியே காற்றை வெளித்தள்ளுவர். ஆர்-22 வாயுக் காலத்துப் பழக்கம் இது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், அவ்வாயு 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. புதிய கருவிகளில் பரவலாக உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது. அடைந்த இடத்தில் திறந்துவிடத்தக்கதன்று. அதன் அழுத்தமும் ஆர்-22ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், விலை மலிவென்று மெல்லிய சுவருடைய குழாயைப் போடுவதும் ஆகாது. கருவியின் கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று எழுதியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கசிவைச் சோதிக்க அழுத்தம் ஏற்றுவதாயின் நைட்ரஜன் வாயுவையே பயன்படுத்த வேண்டும். வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜனை ஏற்றினால் அது கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். உயிர்ச்சேதம் நேரலாம். அவ்வாறு செய்ய முற்படுபவரை உடனே தடுத்து நிறுத்துங்கள்.

குழாய்களைச் சுற்றும் கறுப்பு உறையையும் கவனியுங்கள். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் இரு குழாய்களுமே குளிர்ந்திருக்கும். தனித்தனியே உறையிட்டால்தான் சுவரில் நீர் வடியாது.

இத்தொழிலைக் கற்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு ஐ.எல்.பி. எனப்படும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் குளிர்சாதனப் பயிற்சி உண்டு; மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம்.

கருவி வாங்குவோர் கடையிலேயே ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: "வெற்றிடப் பம்பு கொண்டு வருவீர்களா?" குழாயின் நீளத்தையும் கனத்தையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பொருத்தும் நாளில் வீட்டில் ஒருவர் இருந்து, அந்த முள்ளைத் தம் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.