ஒரே வீதி, இரண்டு நிறம்

கட்டடத்தை உள்ளது உள்ளபடி வரைவதே நேர்மை, இஷ்டத்துக்கு வண்ணம் பூசுவது ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. ஆஸ்லோவின் (அன்று அதன் பெயர் கிறிஸ்தியானியா) கார்ல் யோகான் வீதியை எட்வர்ட் மங்க் வரைந்த இரு ஓவியங்களுக்கு முன் அந்த வாதம் எடுபடாது. 1890இல் வரைந்தது வசந்தகாலப் பகல்: புள்ளி புள்ளியாய்ச் சிதறும் வெயில், முதுகு காட்டி நிற்கும் பெண்ணின் சிவப்புக் குடை. 1892இல் அதே வீதியின் மாலை: கருநீல வானம், நாடாளுமன்ற ஜன்னல்களில் எரியும் மஞ்சள், நம்மை நோக்கி வரும் கூட்டத்தின் வெளிறிய முகங்கள், நடுவீதியில் எதிர்த்திசையில் தனியே போகும் ஓர் உருவம்.

இது ஓவியரின் மனநிலைதானே, ஊர் எங்கே என்று கேட்கலாம். ஆனால் மாலை ஓவியத்தில் நாடாளுமன்றக் கட்டடம் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. வீதி அதேதான்; பொழுதும் நிறமும் மாறியிருக்கின்றன. புகைப்படக்காரரும் பொழுதையும் கோணத்தையும் தேர்ந்தெடுத்துத்தான் படமெடுக்கிறார். மங்கின் நிறம் கூடுதலாகச் சொல்வது, நெரிசலில் தனியாள் படும் பாட்டை. அளவு தவறாத வரைபடத்தில் அதற்கு இடமில்லை.